ஈஸ்ட் போன வழி

நிக்கோபார் தீவுகளில் தென்னை ஏறிப் பாளை சீவிக் கலயம் கட்டுகிறவர்கள் யாரும் அதில் ஈஸ்ட் போடுவதில்லை. அது தானாக வந்துவிடுகிறது. பாளையை மொய்க்கும் பூச்சிகளின் காலில், நேற்றைய கலயத்தின் அடியில் ஒட்டிய வண்டலில், சீவுகிற கத்தியின் முனையில் அது இருக்கிறது. பாளைநீர் சொட்டத் தொடங்கிய சில மணி நேரத்தில் நுரை கட்டிக் கள்ளாகிவிடும். நம் பனையேறிகள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது இந்த உயிரைத் தடுத்து நிறுத்தத்தான். தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள்.

கள்ளிலும் ரொட்டியிலும் ஆப்பமாவிலும் ஈஸ்ட் என்ன செய்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்த கதையும், போன இடத்திலெல்லாம் நம் உடம்பைப் பற்றிய ரகசியங்களைச் சொன்ன கதையும் அவ்வளவாகத் தெரியாது. அவற்றுள் ஒன்று ஒரு நொதியைப் பற்றியது. புரதங்களின் மேல் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றி எடுக்கும் நொதி அது. பெயர் புரத பாஸ்பட்டேஸ். அதைத் தேடிப் போனால் வழியில் தரங்கம்பாடி வருகிறது, கோபன்ஹேகன் வருகிறது, அழுகிய அத்திப்பழம் ஒன்றும் குப்பைத்தொட்டி ஒன்றும் வருகின்றன.

முதலில் காடு. மனிதன் கள் இறக்கக் கற்றுக்கொள்வதற்கு வெகு காலம் முன்பே ஆசியக் காடுகளில் ஈஸ்ட் இருந்தது. உலகெங்கும் திரட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈஸ்ட் வகைகளின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்டு 2018-இல் வெளிவந்த பெரிய ஆய்வு, இதன் பூர்வீகம் சீனப் பகுதி என்றே சொல்கிறது. அங்கிருந்து வெளியே கிளம்பிய பிறகு, பல இடங்களில் தனித்தனியாக அது மனிதனோடு பழகியிருக்கிறது. மலேசியக் காட்டில் பெர்ட்டம் என்றொரு பனைவகை உண்டு. அதன் பூந்தேன் மரத்திலேயே புளித்து, சில சமயம் 3.8% வரை ஆல்கஹால் ஏறிவிடும். இறகு போன்ற வால்நுனி கொண்ட ஒரு சின்ன மரமூஞ்சூறு இரவெல்லாம் அதைக் குடித்துவிட்டுத் தள்ளாடாமல் நடக்கிறது என்று 2008-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதே பனையின் தேனிலிருந்து எடுத்த ஈஸ்ட் மற்ற நாட்டு ஈஸ்ட்டுகளிலிருந்து வெகுவாக விலகிப்போய், அவற்றோடு கலந்தால் சரியாக வம்சம் விளங்காத அளவுக்குத் தனித்து நிற்கிறது. மரமூஞ்சூறு இனத்தில் ஒன்று கிரேட் நிக்கோபார் காட்டிலும் வாழ்கிறது. அத்தீவின் தென்முனையிலிருந்து சுமத்ரா வெகு தொலைவில் இல்லை.

இந்தக் கடல்வழியை நம்மவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். 1025-இல் ராஜேந்திர சோழனின் படை கடாரம் நோக்கிப் போனபோது கைக்கொண்ட இடங்களின் பட்டியலில் மாநக்கவாரமும் இருப்பதாக அவனது மெய்க்கீர்த்தி சொல்கிறது. நக்கவாரம்தான் இன்றைய நிக்கோபார். பிற்காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்தும் பர்மாவிலிருந்தும் மலாய்க் கரையிலிருந்தும் வணிகர்கள் இத்தீவுகளுக்குத் தேங்காய் வாங்க வந்தார்கள். இங்கே தேங்காய்தான் நாணயம். துணிக்கும் இரும்புக்கும் இத்தனை ஜோடி தேங்காய் என்று பேரம் நடந்தது.

1755-இல், அப்போது டென்மார்க்கின் வசமிருந்த தரங்கம்பாடியிலிருந்து ஒரு டேனிஷ் கப்பல் புறப்பட்டது. நிக்கோபார் தங்களுக்கே சொந்தம் என்று 1756-இல் அறிவித்து, மன்னர் ஃபிரெடெரிக்கின் பெயரையும் தீவுகளுக்குச் சூட்டினார்கள். பயிரிட்டுச் செழிக்கலாம் என்ற கனவைக் காய்ச்சல் தின்றது. 1768-இல் வந்த மொரேவியக் கிறிஸ்தவச் சபைத் தொண்டர்கள் நான்கவுரித் தீவில் குடியேறி ஏறக்குறைய இருபது ஆண்டு போராடினார்கள். ஒருவர் பின் ஒருவராக அவர்களைப் புதைத்ததுதான் மிச்சம். 1787-இல் எஞ்சியவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஆனாலும் டென்மார்க் தன் உரிமையை விடவில்லை.

1845 வந்தது. எனக்கு இந்த ஆண்டின் மேல் தனிப் பிரியம் உண்டு. தரங்கம்பாடியையும் செராம்பூரையும் டென்மார்க் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றது அந்த ஆண்டுதான். தரங்கம்பாடியை ஒப்படைக்கவும், நிக்கோபாரில் இன்னொரு முறை குடியேற முடியுமா என்று பார்த்துவரவும் கலாத்தியா என்ற கப்பல் கேப்டன் ஸ்டீன் பில்லே தலைமையில் ஜூன் மாதம் கோபன்ஹேகனிலிருந்து கிளம்பியது. அதே ஆண்டு அதே ஊரைச் சேர்ந்த யாக்கோப்சன் என்ற பீர் வடிப்பவர் எதிர்த்திசையில் ஒரு பயணம் முடித்துத் திரும்பினார். மியூனிக் நகரத்து ஸ்பாட்டன் ஆலையிலிருந்து தகரப் பெட்டியில் ஈஸ்ட் வாங்கிக்கொண்டு, குதிரைவண்டி நின்ற நிறுத்தங்களில் எல்லாம் இறங்கிப் பெட்டிமேல் குளிர்ந்த நீர் ஊற்றி, அதைச் சாகவிடாமல் ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். கலாத்தியா நிக்கோபாரைப் பார்த்துவிட்டு 1847-இல் திரும்பியது. குடியேற்றம் நிலைக்கவில்லை, 1868-இல் அத்தீவுகளும் ஆங்கிலேயருக்குப் போயின. பெட்டியில் வந்த ஈஸ்ட்டோ நிலைத்தது. யாக்கோப்சன் 1847-இல் தொடங்கிய ஆலைக்குத் தன் மகனின் பெயரைச் சேர்த்துக் கார்ல்ஸ்பெர்க் என்று வைத்தார்.

அந்த ஈஸ்ட்டே ஒரு கலப்பு என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு பாதி நம் கள், ரொட்டி ஈஸ்ட். குளிர் தாங்கும் மறுபாதியின் மூலத்தை 2011-இல் தென்னமெரிக்கப் பட்டகோனியாவின் காட்டு மரக்கட்டிகளில் கண்டார்கள்; மூன்றாண்டு கழித்து அது திபெத்திலும் அகப்பட்டது. இரு பாதிகளும் சந்தித்தது ஐரோப்பாவின் குளிர்ந்த நிலவறைகளில். யாரும் திட்டமிடவில்லை.

யாக்கோப்சன் 1875-இல் ஆலையோடு ஓர் ஆய்வுக்கூடத்தையும் அமைத்தார். அங்கே எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-இல் ஒரே ஒரு செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். அதுவரை பீர் கெட்டுப்போனால் ஊழ்வினை என்றிருந்தவர்களுக்கு, கூடவே நுழைந்த காட்டு ஈஸ்ட்தான் காரணம் என்று புரிந்தது. இந்த முறையை மூடி வைத்திருந்தால் யாக்கோப்சன் போட்டியாளர்களை எளிதாக ஒழித்திருக்கலாம். அவர் செய்யவில்லை. முறையையும் வெளியிட்டு, கேட்டவர்களுக்கு ஈஸ்ட்டையும் இலவசமாக அனுப்பினார். உலகம் முழுக்க நகலெடுத்தது. அறிவியலுக்கு இதைவிடப் பெரிய கொடையை எந்த வணிகரும் தந்ததாக எனக்கு நினைவில்லை.

அடுத்த திருப்பம் ஜெர்மனியில், அதுவும் தற்செயலாக. எடுவர்ட் பூக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்து சாறு எடுத்தார். மருந்தாகப் பயன்படுத்தலாம் என்பது எண்ணம். சாறு கெடாமலிருக்கச் சர்க்கரை போட்டு வைத்தால் குமிழ் குமிழாகப் பொங்கியது. உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாமலே புளிப்பு நடந்தது! 1897-இல் அவர் வெளியிட்ட இச்செய்தியிலிருந்துதான் நொதி வேதியியல் பிறந்தது. லண்டனில் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் அதே சாற்றோடு போராடிக்கொண்டிருந்தார்கள். சாற்றில் ரத்தச் சீரத்தைக் கலந்தால் புளிப்பு தீவிரமானது. கொதிக்கவைத்த சாற்றைக் கலந்தாலும் அப்படியே. காரணத்தைத் துருவிப் பார்த்து 1906-இல் கண்டது, அவற்றிலிருந்த பாஸ்பேட் என்ற எளிய உப்பு. சர்க்கரை உடைய வேண்டுமானால் அதன்மேல் பாஸ்பேட் ஏற வேண்டும். உயிரின் கணக்குவழக்கில் பாஸ்பேட்டுக்கு உள்ள இடம் முதன்முதலில் வெளிப்பட்டது ஈஸ்ட் சாற்றில்தான்.

சர்க்கரையின் மேல் ஏறும் பாஸ்பேட் புரதத்தின் மேலும் ஏறி இறங்கி அதை இயக்குகிறது என்பது புரிய இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. செயின்ட் லூயிஸ் நகரில் கார்ல் கோரியும் கெர்ட்டி கோரியும் தசையில் சேர்ந்துள்ள மாவுச்சத்தை உடைக்கும் ஒரு நொதியை ஆராய்ந்தார்கள். அந்நொதி இரு வடிவங்களில் கிடைத்தது. ஒன்று வீரியமுள்ளது, மற்றது சோம்பலானது. வீரியமுள்ளதைச் சோம்பலாக்கும் வேறொரு நொதியையும் 1940-களில் கண்டுபிடித்தார்கள். ஏதோ ஒரு துணைப்பகுதியை அது பிடுங்கிவிடுகிறது என்று நினைத்து அதற்கேற்ற பெயரும் வைத்தார்கள். பிடுங்கப்பட்டது பாஸ்பேட் என்பது அப்போது தெரியவில்லை. ஆக, புரத பாஸ்பட்டேஸ் தவறான அடையாளத்தோடுதான் உலகத்துக்கு அறிமுகமாயிற்று.

அந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் சியாட்டில் நகரத்து எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும். கோரி தம்பதியரின் செய்முறைப்படி தசைச் சாற்றைக் காகிதத்தில் வடிகட்டினால் வீரியமான நொதி வந்தது. வடிகட்டாமல் வேறு வழியில் தெளியவைத்தால் சோம்பலானதுதான் வந்தது. வித்தியாசம் வடிகட்டும் காகிதத்தில் இருந்தது! அதிலிருந்து கசிந்த துளி கால்சியம் ஒரு கைனேஸ் நொதியை எழுப்பிவிட, அது பாஸ்பேட்டை ஏற்றியிருக்கிறது. 1955-இல் கதை தெளிவானது. கைனேஸ் ஏற்றும், பாஸ்பட்டேஸ் இறக்கும்; புரதம் அதற்கேற்ப விழிக்கும், உறங்கும். சிலேட்டில் எழுதுவதும் அழிப்பதும் போலத்தான். எழுதுகிற கைக்கே பேரும் புகழும் போயிற்று. அழிக்கிற கை இல்லாவிட்டால் சிலேட்டு முதல் வரியிலேயே நிறைந்துபோகும் என்பதை வெகுநாள் யாரும் பெரிதாக எண்ணவில்லை. பாஸ்பட்டேஸ் என்றால் வீட்டைப் பெருக்கும் வேலை என்றே கருதினார்கள். ஃபிஷருக்கும் கிரெப்ஸுக்கும் நோபல் பரிசு வர 1992 ஆனது.

இந்த அலட்சியத்தை உடைத்தது ஈஸ்ட். ஏன் ஈஸ்ட் என்றால், அதன் ஒரு மரபணுவைக் கெடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று கண்ணால் பார்க்கலாம். அந்த வசதியும் கார்ல்ஸ்பெர்க் கூடத்திலிருந்து வந்ததுதான். 1930-களில் அங்கே ஓய்விண்ட் விங்கே, ஈஸ்ட்டுக்கும் பால்கலப்பு உண்டு, மெண்டலின் விதிகள் அதற்கும் பொருந்தும் என்று காட்டினார். உர்ஸ் லியுபோல்ட் என்ற சுவிஸ் இளைஞர் அதே கூடத்தில் இன்னொரு இனத்தைக் கையிலெடுத்தார். ஆப்பிரிக்கத் தினை பீரில் 1893-இல் முதலில் விவரிக்கப்பட்ட அந்த ஈஸ்ட் மொட்டுவிடாது; நடுவில் குறுக்குச் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரியும். அதன் மரபியலை அவர் 1950-இல் அந்தக் கூடத்தின் ஏட்டிலேயே வெளியிட்டார். அமெரிக்காவிலோ 1938-இல் கலிபோர்னியாவின் மெர்செட் அருகே எமில் மிராக் ஓர் அழுகிய அத்திப்பழத்திலிருந்து ஈஸ்ட் எடுத்தார். கைமாறிக் கைமாறி, கலந்து கலந்து, அதன் வம்சத்தில் வந்ததுதான் இன்று உலக ஆய்வுக்கூடங்களின் பொது ஈஸ்ட். அதன் மரபணுக்களில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவானவை அந்த அத்திப்பழத்துக்கே சொந்தம். 1996-இல் முழு மரபணுத் தொகுதியும் எழுதி முடிக்கப்பட்டது. உட்கரு உள்ள உயிர்களில் அதுதான் முதல். சுமார் 6,000 மரபணுக்கள்.

சியாட்டிலில் லீலண்ட் ஹார்ட்வெல் 1970 வாக்கில் தொடங்கியது பொறுமையான வேட்டை. 23 பாகை வெப்பத்தில் பிழைத்து 36 பாகையில் நின்றுபோகும் ஈஸ்ட்டுகளைத் தேடினார். வெப்பம் ஏறியதும் எல்லாச் செல்களும் ஒரே கட்டத்தில் நின்றால், அந்தக் கட்டத்தைக் கடக்கத் தேவையான ஒரு மரபணு கெட்டிருக்கிறது என்று பொருள். அவற்றுள் 14 என்ற எண் பெற்றது விசித்திரமானது. மரபுப்பொருள் இரண்டாகி, இரு முனைக்கும் இழுக்கப்பட்டு, எல்லாம் முடிந்த நிலையில் தாயும் மகளும் பிரியாமல் ஒட்டியபடியே நின்றன. அந்த மரபணு தரும் புரதம் ஒரு பாஸ்பட்டேஸ் என்பதும், செல் பிரியும் கடைசி நேரம் வரை அது உட்கருவின் ஒரு மூலையில் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது என்பதும் 1990-களின் இறுதியில் தெளிவாயின. பிரிதலுக்காக ஏற்றிய பாஸ்பேட்டுகளை இறக்கி, செல்லைப் பழைய அமைதிக்குத் திருப்புவது அதன் வேலை. ஒரு வேலையைத் தொடங்குவதற்கு இணையாக முடிப்பதற்கும் தனி ஆள் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த உயிரும் எனக்குக் காட்டியதில்லை.

எடின்பரோவில் பால் நர்ஸ், கின்னஸ் மதுவாலையில் கையாளாக வேலை பார்த்துவிட்டுக் கல்லூரிக்குப் போனவர், லியுபோல்டின் ஈஸ்ட்டை வைத்துக்கொண்டு அளவுக்கு முன்பே பிரிந்துவிடும் குள்ளச் செல்களைத் தேடினார். கிடைத்தவை எல்லாம் ஒரே மரபணுவில் கெட்டவை. அலுத்துப்போன நிலையில் இன்னொரு குள்ளத்தைக் கண்டார், ஆனால் அந்தத் தட்டில் பூஞ்சை படர்ந்திருந்தது. தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவருக்கு மனம் கேட்கவில்லை. மிதிவண்டியில் திரும்பி வந்து தட்டைப் பொறுக்கி எடுத்துச் சுத்தம் செய்தார். அது வேறு மரபணு. அது தரும் புரதம்தான் செல்பிரிதலின் தலைமைக் கைனேஸ். அந்தக் கைனேஸின் மேல் ஒட்டி அதைத் தூங்கவைக்கும் பாஸ்பேட்டைக் கழற்றுவது இன்னொரு புரதம், எண் 25. அது ஒரு பாஸ்பட்டேஸ். அந்த 25 கெட்டால் செல் வளர்ந்துகொண்டே போய் நீண்ட குழலாகிறது, பிரிவதில்லை. அது அளவுக்கு மிஞ்சினால் வளர்வதற்குள் பிரிந்து குள்ளமாகிறது. வளர்ச்சிக்கும் பிரிதலுக்கும் இடையிலான பேரம் முழுக்க இந்த ஒரு பாஸ்பேட்டின் மேல் நடக்கிறது. 1987-இல் நர்ஸின் குழு அந்தக் கைனேஸின் மனித நகலை ஈஸ்ட்டுக்குள் வைத்தது; கெட்டுக்கிடந்த ஈஸ்ட் பிழைத்துக்கொண்டது. ஹார்ட்வெல்லுக்கும் நர்ஸுக்கும் டிம் ஹண்ட்டுக்கும் 2001-இல் நோபல் பரிசு.

பிறகு வரிசையாக வந்தார்கள் மற்ற பாஸ்பட்டேஸ்கள். முதல் வகையைச் சேர்ந்த ஈஸ்ட் புரதம், பாலூட்டிகளின் அதே புரதத்தோடு சுமார் 80% ஒத்துப்போகிறது. அதை முழுதாக நீக்கினால் ஈஸ்ட் பிழைக்காது. லேசாகக் கெடுத்தால் பிழைக்கும், ஆனால் மாவுச்சத்தைச் சேமிக்க மறந்துவிடும். இரண்டாம் வகைக்கு ஈஸ்ட்டில் ஒன்றுபோல இரு மரபணுக்கள். ஒன்று போனால் பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டும் போனால் நத்தை வேகம், அவற்றின் உறவான மூன்றாவதும் போனால் சாவு. அந்த வகையின் ஒரு துணைப்புரதம் கெட்டால் குளிரில் மொட்டுகள் கோணல்மாணலாக நீளும். இன்னொன்று சிட்4. அதை நீக்கினால் ஓர் ஆய்வுக்கூடத்தின் ஈஸ்ட் செத்தது, இன்னோர் ஆய்வுக்கூடத்தின் ஈஸ்ட் மெதுவாக வளர்ந்தது. குழப்பத்துக்குக் காரணம், இரு வம்சங்களிலும் வேறொரு மரபணு வேறு வேறாக இருந்ததுதான் என்று 1991-இல் கண்டுபிடித்தார்கள். ஒரு கோளாறு உயிரைக் கொல்லுமா வாட்டுமா என்பது அந்த உயிரின் பரம்பரையையும் பொறுத்தது. மனித நோய்களுக்கும் இதுவே பொருந்தும் என்பதால் இந்தச் சின்னச் சண்டையை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

சிட்4-இன் கதை நம்மை வேறொரு தீவுக்குக் கொண்டுபோகிறது. 1964-இல் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு பசிபிக் நடுவிலுள்ள ஈஸ்டர் தீவுக்குப் போய் மண் அள்ளி வந்தது. மாண்ட்ரியலில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த சுரேந்திர நாத் சேகல் அந்த மண்ணின் நுண்ணுயிரிலிருந்து பூஞ்சையை அடக்கும் ஒரு பொருளைப் பிரித்தார். தீவின் உள்ளூர்ப் பெயரை வைத்து ராப்பாமைசின் என்றார்கள். ஆய்வுக்கூடம் மூடப்பட்டபோது அவர் அந்த நுண்ணுயிரை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் காத்து வைத்தார். 1991-இல் பாசல் நகரில் ராப்பாமைசினுக்கு அசையாத ஈஸ்ட்டுகளைத் தேடியவர்கள் டார் என்ற கைனேஸைக் கண்டார்கள். உணவு இருக்கும் வரை டார், சிட்4 போன்ற பாஸ்பட்டேஸ்களை ஒரு துணைப்புரதத்தின் வழியே அடக்கி வைக்கிறது. உணவு தீர்ந்தால், அல்லது ராப்பாமைசின் வந்தால், பிடி தளர்கிறது. பாஸ்பட்டேஸ்கள் பாஸ்பேட்டை இறக்கத் தொடங்க, ஈஸ்ட் வளர்வதை நிறுத்திச் சிக்கன வாழ்வுக்கு மாறுகிறது. நம் செல்களிலும் டார் உண்டு. சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு ராப்பாமைசின் 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அதே சிகிச்சையின் இன்னும் பெரிய மருந்துகள் இரண்டு. ஒன்று நார்வேயின் ஹார்டங்கர்விடா மேட்டுநிலத்து மண்ணிலிருந்து 1970 வாக்கில் வந்த சைக்ளோஸ்போரின். மற்றது ஜப்பானின் சுக்குபா மலையடிவாரத்து மண்ணிலிருந்து 1984-இல் வந்த டாக்ரோலிமஸ். உருவத்தில் சம்பந்தமே இல்லாத இவ்விரண்டும் செல்லுக்குள் போய்ப் பூட்டிப்போடுவது ஒரே பாஸ்பட்டேஸைத்தான் என்று 1991-இல் தெரிந்தது. கால்சியம் வந்தால் விழிக்கும் கால்சினூரின் அது. நம் வெள்ளணுக்களில் அது முடங்கினால், அயல் உறுப்பைத் தாக்கும் ஆணை பிறக்காது.

கால்சினூரின் ஈஸ்ட்டிலும் இருக்கிறது. அதை நீக்கிய ஈஸ்ட் வழக்கமான ஊட்டக்கரைசலில் எந்தக் குறையும் தெரியாமல் வளரும். உப்பைக் கூட்டிப் பாருங்கள், வளர்ச்சி நின்றுவிடும். செல்லுக்குள் புகும் சோடியத்தை வெளியே இறைக்கும் பம்பைப் போதிய அளவில் உருவாக்க ஆணையிடுவது இந்த பாஸ்பட்டேஸ்தான். சாதாரண நாளில் வேலையே இல்லாதது போலிருந்து, உப்பு வந்த அன்று உயிரைக் காக்கிறது.

மனிதனில் உப்பின் கதை வேறு வழியில் நடந்தாலும் வந்து சேரும் இடம் வியப்பானது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் சிறுநீரகம் மாற்றிய நாளிலிருந்து தமிழகம் இத்துறையில் வெகுதூரம் வந்துவிட்டது. 2008-இல் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிரும் அரசுத் திட்டமும் தொடங்கியது. மாற்று உறுப்போடு வாழ்பவர்களில் மிகப் பலர் தினம் இருவேளை டாக்ரோலிமஸ் விழுங்குகிறார்கள். அவர்களில் பலருக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஏன் என்று நெடுநாள் விவாதம் நடந்தது. 2011-இல் வந்த ஓர் ஆய்வு சிறுநீரகக் குழாயில் விடை கண்டது. அங்கே உப்பை உடலுக்குள் திருப்பி இழுக்கும் ஒரு புரதம் உண்டு, பாஸ்பேட் ஏறினால் அது வேலை செய்யும். கால்சினூரினை முடக்கியதும் அதன்மேல் பாஸ்பேட் மிகுந்து நிற்கிறது, உப்பு உடலில் தங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. அந்தப் புரதத்தையே நேரடியாக அடைக்கும் தயசைடு வகை நீர்மாத்திரைகள் மிக மலிவானவை, பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளவை. டாக்ரோலிமஸால் ஏறிய அழுத்தத்தை இறக்க அவையும் உதவுகின்றன.